பதினேழாம் எண் பட்டை

நல்லூர், திருப்பூர்
29 ஜனவரி 2024

அன்புத் தரணி,

பெட்டியைத் திறந்ததும் பட்டைகளை எண்ணிவிட்டுத்தான் கடிதத்தை எடுப்பாய் என்று தெரியும். அறுபதும் இருக்கின்றன. நீ கேட்டபடி வெள்ளி இழை உள்பக்கம், தோலில் படும்படி வருகிறது. முதல் மூன்று தடவை நூல் அறுந்து அறுந்து, ரிப் பின்னல் மிஷின் ஓட்டுகிற ஆள் என்னை முறைத்தே பார்த்துவிட்டார். நான்காம் தடவைதான் வழிக்கு வந்தது. இதற்கு மேல் வேதிப்பூச்சு பூசி, வியர்வையில் சாராயம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் பட்டையாக மாற்றுவது உன் பாடு. உறுத்தாமல், நழுவாமல் கையில் கிடப்பது மட்டும்தான் என் பாடு.

போன வியாழக்கிழமை வீடியோ கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை என்று கோபமா? என்ன பேசச் சொல்கிறாய்? நீ மூலக்கூறு என்கிறாய். டாக்டர் ஆத்தப்பன் நோயாளியின் மனம் என்கிறார். பெங்களூரிலிருந்து நித்தீஷ் எல்லாவற்றையும் எண்ணாக்கி வரைபடம் போடுகிறார். நான் பனியன் கம்பெனிக்காரி. 'சுருங்குமா, சாயம் போகுமா' என்பதைத் தாண்டி எனக்கு என்ன தெரியும்? ஹாஸ்டலில் ஒரே அறையில் நான்கு வருடம் இருந்த பாவத்துக்கு என்னை இதில் இழுத்துவிட்டாய். கூட்டத்தில் மேடம், மேடம் என்று பேசிக்கொள்வது சிரிப்பாக வருகிறது. அதனால்தான் பெட்டியில் கடிதம் வைக்கிறேன். நீயும் பூச்சு பூசித் திருப்பி அனுப்பும்போது இரண்டு வரி வை. போனில் பேசினால் நீ பாதியில் 'இன்னொரு கால் வருது' என்று ஓடிவிடுவாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முருகேஷ் குடிப்பதை நிறுத்தி இன்றோடு நான்கு நாள். குடியரசு தினத்துக்குக் கடை மூடியிருந்தது. அன்றைக்கு ஒரு நாள் தாக்குப்பிடித்தவன், மறுநாள் காலை யாரும் சொல்லாமல் டாக்டர் ஆத்தப்பனின் குடிமறுவாழ்வு மையத்துக்குப் போய் உங்கள் மாத்திரை ஆய்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். "அக்கா பின்னுற பட்டையை ஊர்ல யார் யாரோ கட்டப் போறாங்க, நான் கட்டுனா ஆகாதுங்களா?" என்று கேட்டானாம்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இங்க அவரு உங்க தம்பி இல்லீங்க, ஒரு நம்பர். அது என்ன நம்பர்னு நீங்களும் கேக்கக் கூடாது, எங்களுக்கும் சொல்ல உரிமையில்லை." பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் அளவுப் பட்டியல் எனக்குத்தானே வருகிறது? அறுபது பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மணிக்கட்டு அத்தனை பெரிது. துணி பண்டல் தூக்கித் தூக்கி உருண்ட அந்தக் கை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பன்னிரண்டு கண்ணி கூட்டி அதை மட்டும் நானே மிஷினில் நின்று பின்னினேன். எண் பதினேழு.

உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்துகொள்வோம். பூச்சு பூசும்போது அதற்கு மட்டும் கொஞ்சம் நல்ல மனதோடு பூசு.

உன்
பிரியா


டண்டீ, ஸ்காட்லாந்து
11 பிப்ரவரி 2024

என் அருமைப் பிரியா,

எண்ணினேன். அறுபதுதான். உன்னை நம்பாமல் இல்லை, இங்கே எதையும் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பதினேழாம் எண்ணைத் தனியாக எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். முருகேசு நம் ஹாஸ்டல் வாசலுக்கு உன் டிபன் கேரியரோடு சைக்கிளில் வந்து நிற்பானே, அந்தப் பையனுக்கா இத்தனை பெரிய மணிக்கட்டு? எனக்குச் சொல்லியிருக்கக் கூடாது நீ. சொன்னதற்குச் சந்தோஷமும்தான்.

எங்கள் மாத்திரையைப் பற்றி அவன் கேட்டால் எளிதாக இப்படிச் சொல். குடித்தால் மூளைக்குக் கிடைக்கிற அந்தக் குஷியை அது தடுத்துவிடும். தடுத்துக்கொண்டே இருந்தால் ஆசையும் மெல்லக் குறையும் என்பது எங்கள் நம்பிக்கை. நம்பிக்கை மட்டும் போதாது என்பதால்தான் உன் பட்டை. 'குடிக்கவில்லை டாக்டர்' என்று வாயால் சொல்வதை வைத்து எந்த மருந்துக்கும் அனுமதி வாங்க முடியாது. அரை மணிக்கு ஒரு தடவை பட்டை சொல்ல வேண்டும், நித்தீஷ் அதைக் கூட்டிப் பார்க்க வேண்டும், டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிய காலம் போய் இப்போது ஐந்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது. ஆனாலும் அலுப்பாக இருக்கிறது, பிரியா. மூன்று வருடத்தில் இரண்டு மாத்திரைகள் தோற்றுவிட்டன. இது மூன்றாவது. இதுவும் போனால் ஆய்வகத்தில் என்னை வைத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. என் அப்பாவுக்காகத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு அறுபது வயதில் கிடைக்காதது முருகேசுக்கு முப்பத்து நாலில் கிடைக்கட்டும்.

பட்டைகள் எல்லாம் தயார். பத்திரமாக டாக்டரிடம் சேர்த்துவிடு.

என்றும்
தரணி


நல்லூர்
6 ஏப்ரல் 2024

அன்புத் தரணி,

எழுபத்திரண்டு நாள்! வீட்டுக் காலண்டரில் தேஜஸ்ரீ ஒவ்வொரு நாளும் ஒரு பச்சைப் புள்ளி வைக்கிறாள். அப்பாவுக்கு ஏதோ மருந்து சாப்பிடுகிற கணக்கு என்று ஆறு வயதுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவன் குடி தாங்காமல் தாராபுரத்தில் அம்மா வீட்டோடு போய்விட்ட அனிதா, மார்ச் முதல் வாரம் பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் மூன்று நாள் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. நான்காம் நாள் துணியை எடுத்து அலமாரியில் அடுக்கியபோது, நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பங்குனி உத்திரத்துக்குப் பழநிக்கு நடந்தே போனான். கூட வந்தவர்களில் இரண்டு பேர் வழியில் 'கால் வலிக்கு' என்று ஒதுங்கினார்களாம். இவன் பட்டை கட்டிய கையைக் காட்டி, "எனக்கு வாட்ச்மேன் கூடவே வர்றானுங்க" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறான். திருநீற்றோடு வந்து நின்றபோது கழுத்தெல்லாம் வெயிலில் கருத்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று!

எனக்குத்தான் பயம் விடவில்லை. கட்டிங் பிரிவில் வேலை முடிந்ததும் நான்கைந்து பேர் சேர்ந்து நேராகக் கடைக்குத்தான் போவார்கள். அவர்கள் நடுவில் இவனை நிறுத்தி வைப்பானேன் என்று, ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் செக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டேன். என் அறைக் கண்ணாடிக்கு நேர் எதிரே, முத்தாயி அக்காவுக்குப் பக்கத்து மேசை. தைத்து வரும் பனியனில் எண்ணெய்க் கறை இருந்தால் கறை எடுக்கும் வேலை. உட்கார்ந்தே செய்யலாம். நிமிர்ந்தால் அவன் முகம் தெரியும். கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன். "ஏனுங்க்கா, என்னைப் பாத்துட்டே இருந்தா கம்பெனிய யாரு பாக்கறது?" என்று நேற்றுக் கேட்டுவிட்டான்.

மற்றபடி வழக்கமான தலைவலிதான். நூல் விலை ஏறுகிறது, ஆர்டர் இறங்குகிறது, இரண்டு மிஷின் சும்மா நிற்கின்றன. சாயங்காலம் ஆனால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் அந்தப் பச்சைப் புள்ளிகளைப் பார்த்தால் கொஞ்சம் தெம்பு வருகிறது. உன் மாத்திரையா, என் பட்டையா, டாக்டரின் பேச்சா, பழநி முருகனா என்று தெரியவில்லை. நித்தீஷிடம் சொல்லிப் பிரித்துக் கணக்குப் போடச் சொல்.

பிரியா


டண்டீ
3 மே 2024

பிரியா,

இதை எழுதக் கூடாது. ஒரு வாரமாக எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. போனில் சொன்னால் உன் குரலைக் கேட்க வேண்டியிருக்கும் என்பதால் பெட்டியிலேயே வைக்கிறேன்.

பதினேழாம் எண் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து குடிக்கிறது. எப்போதாவது இல்லை, கிட்டத்தட்ட தினமும். டாக்டருக்கு இது ஜூன் பரிசீலனையில்தான் போகும். அதுவரை நீயும் அனிதாவும் ஏமாந்துகொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் அம்மா அப்படித்தான் எட்டு வருடம் ஏமாந்தாள்.

அவனைத் திட்டாதே. இது நோய். திரும்ப விழுவதும் நோயின் பகுதிதான். மெதுவாகப் பேசு. நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதே, என் வேலை போய்விடும்.

தரணி


நல்லூர்
20 மே 2024

தரணி,

மெதுவாகத்தான் பேச நினைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் தேஜஸ்ரீயின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். உள்ளே கூப்பிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டேன். அவனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. பயத்தில் வெளுத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் தொடவே இல்லீங்க்கா. புள்ள மேல சத்தியமா."

"புள்ளைய இழுக்காத. பட்டை சொல்லுது."

கையைத் தூக்கிப் பட்டையைப் பார்த்தான். "நான் ஒண்ணு சொல்றேன், இது ஒண்ணு சொல்லுது. நீங்க இதைத்தான் நம்புவீங்களா?"

ஆமாம் என்றேன். யோசிக்கக்கூட இல்லை, தரணி. ஒன்பது வருடமாக அவன் சொன்ன ஒவ்வொரு பொய்யும் இப்படித்தான், கண்ணைப் பார்த்து, பிள்ளை மேல் சத்தியமாகத்தான் வந்தது. இந்தத் தடவை மட்டும் என் கையில் ஒரு அத்தாட்சி இருந்தது. அந்தத் தைரியத்தில் குரல் ஏறிவிட்டது. அனிதா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "எனக்கு இன்னொரு தடவை முடியாதுங்க" என்றாள். சாயங்கால பஸ்ஸில் பிள்ளையை அழைத்துக்கொண்டு தாராபுரம் போய்விட்டாள்.

அவன் பட்டையைக் கழற்றி என் மேசை மேல் வைத்தான். மாத்திரை அட்டையையும் வைத்தான். "நீங்க பின்னுனதுதானே, நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் பண்டல் ஏற்றி இறக்குகிறானாம். அங்கேயே எங்கோ படுத்துக்கொள்கிறான். பார்த்தவர்கள் எல்லாம் 'குடித்த மாதிரி தெரியலைங்க' என்றுதான் சொல்கிறார்கள். அவனுக்காக மறைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அலுத்துப்போயிற்று. பச்சைப் புள்ளிகளைத் தேஜஸ்ரீ அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். காலண்டரைக் கழற்றவும் மனம் வரவில்லை. நீ சொன்னது நல்லதற்குத்தான். எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பெட்டியில் நாற்பது பட்டைகள் இருக்கின்றன. எண்ணவில்லை, நீயே எண்ணிக்கொள்.

பிரியா


டண்டீ
16 ஜூன் 2024

அன்புள்ள பிரியா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மேல் தப்பில்லை. அவன் மேலும் தப்பில்லை. இந்த வியாதி இருக்கிற வீட்டில் யாராலும் சரியாகப் பேசிவிட முடியாது.

நாற்பதும் சரியாக இருந்தன. இந்தத் தடவை ஓரம் ரொம்பவே மிருதுவாக வந்திருக்கிறது.

இங்கே சில எண்களை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்ட் நடுவில் குழுக் கூட்டம். அதுவரை அதைப் பற்றி நான் எதுவும் எழுத அனுமதி இல்லை, நீயும் கேட்காதே. அனிதாவோடு தொடர்பில் இரு. முருகேசைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல். அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

நீ சாப்பிடுகிறாயா? கண்ணாடிக்கு எதிரே அந்த மேசையைக் காலியாக வைக்காதே. வேறு யாரையாவது உட்கார வை.

தரணி


நல்லூர்
30 ஜூலை 2024

தரணி,

நீ சொன்னபடி அந்த மேசையைக் காலியாக வைக்கவில்லை. யார் உட்கார்ந்தது தெரியுமா? நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை, ஷிப்மென்ட் நாள். தையல் மிஷினில் எண்ணெய் ஒழுகி நானூறு பனியனில் கழுத்தோரம் கறை. செக்கிங்கில் இரண்டு பேர் லீவு. முத்தாயி அக்காவோடு நானே உட்கார்ந்து கறை எடுத்தேன். கறை எடுப்பது எப்படி என்று நீ இதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வேலையை எதற்குச் சொல்வது? துப்பாக்கி மாதிரி ஒரு கன் இருக்கும். அதில் எரிசாராய ஸ்பிரிட் கலந்த திரவத்தை ஊற்றிக் கறையின் மேல் பீய்ச்சி அடிக்க வேண்டும். மேசை முழுக்கப் புகை மாதிரி நிற்கும், கையெல்லாம் ஜில்லென்று ஆகும். பத்துத் தடவை துவைத்தும் பட்டை தாங்குகிறதா என்று பார்க்க அன்றைக்கு ஒன்றை என் கையில் கட்டியிருந்தேன்.

சோதனைக்காக நித்தீஷ் என் போனில் மட்டும் பட்டை சொல்வது தெரியும்படி வைத்திருந்தார், கட்டுகிற நோயாளிகளுக்குத் தெரியாது. அரை மணியில் போன் கத்தியது. நான் நிற்க முடியாத அளவுக்குக் குடித்திருக்கிறேன் என்று காட்டியது. முத்தாயி அக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மா, நீங்களுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் உறைத்தது. எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி. அவனை அந்த மேசையில் உட்கார வைத்த தேதி. அன்றிலிருந்துதான் 'குடித்தான்'.

நித்தீஷைப் போனில் கூப்பிட்டு, ஏப்ரலிலிருந்து வேலை நேரத்தில் மட்டும் ஏறுகிற எண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பாவம், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார். "ஆமாங்க மேடம், ஞாயித்துக்கெழமை சுத்தமா ஒண்ணுமில்லை, சாப்பாட்டு நேரத்துல எறங்குது, ஆறு மணிக்கு மேல எறங்குது. குடிக்கிறவங்க இப்படி டூட்டி பாத்துக் குடிக்க மாட்டாங்களே. இதே மாதிரி இன்னும் மூணு நம்பர் இருக்குதுங்க. மே இருபத்தி நாலாந்தேதியே தரணி மேடத்துக்கு மெயில் போட்டேனுங்களே" என்றார்.

மே இருபத்து நான்கு.

உனக்கு ஒரு தேதி சொல்கிறேன். ஜூன் ஐந்து. அன்றைக்கு முருகேஷ் தாராபுரம் போயிருக்கிறான். தேஜஸ்ரீக்குப் புதுப் பள்ளிப் பை வாங்கிக்கொண்டு. அனிதாவின் அப்பா பையை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறார். வீட்டுக்கு வராமல், கம்பெனிக்கு வராமல், மாத்திரை இல்லாமல், பட்டை இல்லாமல், யாரும் நம்பாமல் அதுவரை குடிக்காமல் இருந்தவன், அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகக் கடைக்குப் போயிருக்கிறான். நூற்று முப்பத்தொரு நாள். இப்போது நிஜமாகவே தினமும் குடிக்கிறான். பட்டை சொன்ன பொய்யை நாம் எல்லோரும் சேர்ந்து உண்மையாக்கிவிட்டோம்.

உன்னிடம் பன்னிரண்டு நாள் இருந்தது, தரணி. 'சந்தேகமாக இருக்கிறது, பொறு' என்று ஒரு வரி போதும். ஒரு போன் போதும். அதற்கு அப்புறமும் ஜூன் பதினாறாம் தேதி கடிதம் எழுதியிருக்கிறாய். தெரிந்துகொண்டே, 'சில எண்களை மறுபடி பார்க்கிறார்கள்' என்று. 'அனுமதி இல்லை' என்று. அவன் குடிக்கிறான் என்று சொல்ல உனக்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை. அவன் குடிக்கவில்லை என்று சொல்ல மட்டும் குழு கூட வேண்டுமா?

உன்னை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? எண்ணை உனக்குச் சொன்னவள் நான். மேசையில் உட்கார வைத்தவள் நான். பட்டையை நம்புகிறேன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான். டாக்டர் ஆத்தப்பனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டார். "மருந்து தெரிஞ்சவங்க, மனசு தெரிஞ்சவங்க, கணக்கு தெரிஞ்சவங்க, நூல் தெரிஞ்சவங்க எல்லாரும் இருந்தோமுங்க. அந்த மனுசன் பகலெல்லாம் என்ன வேலை பாக்கறான்னு ஒருத்தரும் கேக்கலையே" என்றார்.

நேற்று காதர்பேட்டை போய் அவனைப் பார்த்தேன். லாரிக்குப் பக்கத்தில், பண்டல் மேல் உட்கார்ந்திருந்தான். காலை பதினோரு மணிக்கே வாடை. நடந்ததைச் சொன்னேன். சத்தமாக அழுதது நான்தான். சொல்லி முடித்ததும் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இது எப்போ இருந்துங்க்கா தெரியும்?"

மே இருபத்து நான்கு என்று சொல்லாமல், டீ வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன். உனக்காக மறைத்தேனா, எனக்காகவா என்று தெரியவில்லை.

சண்முகப்பிரியா


டண்டீ
15 ஆகஸ்ட் 2024

பிரியா,

நீ எழுதியது எல்லாம் உண்மை. மறுக்க ஒரு வரிகூட இல்லை.

ஆனாலும் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். நித்தீஷின் மெயில் வந்த அன்று மத்தியானமே எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்பிரிட் என்று தெரியாது, ஆனால் வேலையிடத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. போனைக் கையில் எடுத்தேன். அப்புறம் பயந்தேன். பட்டை தப்பு என்றால் அதைவைத்து அளந்த மாத்திரையும் கேள்விக்கு ஆளாகும். மூன்றாவது தோல்வி. அதோடு, உனக்கு நான் முதலில் எழுதியதே வெளியே வந்துவிடும். குழு முறைப்படி முடிவு செய்யட்டும், இரண்டரை மாதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் சரி. அதற்குள் ஒரு மனிதன் தாராபுரம் போய் வருவான் என்று நான் யோசிக்கவில்லை. அவனை எண்ணாக மட்டும் நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. நித்தீஷைக் கிண்டல் செய்வோமே நாம்!

நேற்றுக் குழுவில் நானே எழுந்து நின்று சொல்லிவிட்டேன், ரகசியத்தை வெளியே சொன்னதையும், சந்தேகத்தை உன்னிடம் மறைத்ததையும். நோயாளிகளின் தகவலைப் பார்க்கும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இனி பூச்சு பூசுவது மட்டும்தான் என் வேலை. ஆய்வு நிற்கவில்லை. நான்கு எண்களையும் திருத்தி எழுதுகிறார்கள். பதினேழாம் எண் பட்டை கட்டியிருந்தவரை ஒரு துளியும் குடிக்கவில்லை என்று பதிவாகிறது. இதனால் அவனுக்கு என்ன லாபம் என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை.

டிசம்பரில் ஊருக்கு வரலாம் என்றிருக்கிறேன். வந்து முருகேசின் காலில் விழக்கூடத் தயார். வரலாமா என்று மட்டும் சொல். திட்டி எழுது, நான்கு பக்கம் எழுது, வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருக்காதே.

தரணி


டண்டீ
2 அக்டோபர் 2024

பிரியா,

இன்று பெட்டி வந்தது. ஐம்பது பட்டைகள், விலைச்சீட்டு, வேறு எதுவும் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். உள்ளே ஒட்டியிருந்த அட்டையைக்கூடப் பிரித்துப் பார்த்தேன்.

அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி.

தரணி


நல்லூர்
21 நவம்பர் 2024

தரணி,

இரண்டு மாதமாக இதை எழுதி எழுதிக் கிழித்தேன். கோபம் இருந்தவரை எழுத வரவில்லை. இப்போது கோபம்கூட இல்லை. ஒரே அசதி.

முதலில் வேலை விஷயம். பட்டையை இரண்டு அடுக்காக மாற்றிவிட்டேன். வெளி அடுக்கு நெருக்கப் பின்னல், ஸ்பிரிட் பட்டாலும் உள்ளே இறங்க நேரமாகும். அது போதாது என்று, கறை எடுக்கும் மேசைக்கு வந்தால் பட்டையைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுக் கழற்றிய நேரத்தை எழுத வேண்டும் என்று டாக்டர் விதி போட்டிருக்கிறார். இப்போது அவரே வாரம் ஒரு கம்பெனிக்குப் போய் யார் எங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பார்க்கிறார். முத்தாயி அக்காவைக் கூட்டத்துக்கே அழைத்துவிட்டார். எந்த எந்த வேலையில் என்ன என்ன வாடை வரும் என்று அவர் அரை மணி நேரம் சொன்னதை நித்தீஷ் எழுதிக்கொண்டார். உன் கேமரா அணைந்திருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்தாய் என்று நினைக்கிறேன்.

தனித்தனி அளவுகளையும் நீக்கிவிட்டேன். இனிமேல் எல்லாம் ஒரே அளவு, இழுத்து மாட்டிக்கொள்ளும்படி. சின்னக் கையா, பெரிய கையா என்று பின்னுகிற எனக்கே தெரியாது.

முருகேஷ் தீபாவளிக்கு மறுநாள் தானாக மையத்துக்குப் போயிருக்கிறான். இந்தத் தடவையும் யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் உள்ளேயே வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் என்னைப் பார்க்க வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "மறுபடியும் பேர் குடுத்திருக்கேனுங்க. புது நம்பர். உங்களுக்குத் தெரிய வேண்டாமுங்க்கா" என்றான். சரி சாமி என்றேன். உள்ளே வந்து சாப்பிட்டுப் போ என்றேன். சாப்பிட்டான். ரசம் இன்னும் கொஞ்சம் கேட்டான். வேலைக்கு என் கம்பெனிக்கு வரமாட்டேன் என்றான். நானும் வற்புறுத்தவில்லை. அனிதா இன்னும் வரவில்லை. பிள்ளையை மட்டும் ஞாயிற்றுக்கிழமை அவனோடு அனுப்பச் சம்மதித்திருக்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். போன ஞாயிறு அவன் ஐந்தரைக்கே விட்டுவிட்டான்.

குடிக்கிறாயா என்று நான் கேட்பதில்லை. வாடை வருகிறதா என்று மூக்கை நீட்டுவதில்லை. எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா, தரணி? கேட்கிற வாயைக் கட்டிப்போட்டுக்கொண்டு, அவன் சொல்கிறதை அப்படியே வாங்கிக்கொள்வது? ஒவ்வொரு தடவையும் பழையது எல்லாம் ஞாபகம் வருகிறது. ஆனாலும் அதைத்தான் செய்யப் போகிறேன். தப்பாகவே போனாலும் இந்தத் தடவை அவன் சொல்வதைத்தான் நம்பப் போகிறேன்.

டிசம்பரில் நீ ஊருக்கு வா. உன் அம்மாவைப் பார். எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். உன் மேல் வெறுப்பு இல்லை, அதை நம்பு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து பேசிக்கொண்டதில்தான் அவன் வீடு போயிற்று. நீ பாசத்தில் சொன்னாய், நான் பாசத்தில் கேட்டேன். அவன் திரும்ப எழுந்து நிற்கிறவரை அந்தப் பேச்சு நமக்குள் இருக்கக் கூடாது. அவன் நிற்பான் என்று எத்தனை வருடம் கழித்துச் சொல்ல முடியும் என்று டாக்டருக்கே தெரியவில்லை.

பட்டை பின்னுவதை நிறுத்தமாட்டேன். நீயும் பூச்சைக் குறை வைக்காமல் பூசு. இந்தப் பெட்டியில் இருக்கும் அறுபதில் ஒன்று அவன் கையில் ஏறும். எது என்று எனக்குத் தெரியாது. எப்படியாவது உனக்குத் தெரிய வந்தாலும் எனக்கு எழுதாதே. நல்ல செய்தியாக இருந்தாலும் எழுதாதே.

அறுபதும் இருக்கின்றன. இரண்டு தடவை எண்ணினேன்.

பிரியா